ஏழாம் பக்கத்து ஓரம்

அவனுடைய ஷூ அந்தத் தாளின் நடுவில் பதிந்தபோது ஜுவைரியாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது. கோபம் அதற்கு அடுத்த நொடிதான் வந்தது.

பொன்னேரி ஸ்டேஷனில் நல்ல மழை. ஐப்பசி மழை... பிளாட்பாரக் கூரையின் ஓட்டைகளிலெல்லாம் கயிறு கயிறாக இறங்கியது. பெண்கள் பெட்டி நிற்கும் இடம்வரை ஓட முடியாமல், எதிரே வந்து நின்ற பெட்டியிலேயே ஏறிவிட்டாள். கும்மிடிப்பூண்டி போகும் காலை எலெக்ட்ரிக் டிரெயின். சிப்காட் கம்பெனிகளுக்குப் போகிற ஆண்கள் கூட்டம். ஈரச் சட்டைகள், சாப்பாட்டுப் பைகள், கதவருகே நிற்கக்கூட இடமில்லை. அவள் நெஞ்சோடு அணைத்திருந்த பிளாஸ்டிக் உறை எங்கோ மாட்டிக் கிழிந்தது. உள்ளே இருந்த பெரிய தாள்கள் சரசரவென்று சரிந்து கீழே விழுந்தன. அவள் குனிவதற்குள் அந்தக் கறுப்பு ஷூ...

"கால எடுங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது.

எடுத்தான். குனிந்து தாளையும் எடுத்தான். கைக்குட்டையால் சேற்றை ஒற்றினான். திருப்பிக் கொடுப்பான் என்று இவள் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தான்.

"குடுக்குறீங்களா?"

"மிதிச்சிட்டேன்ல மேடம்... எத மிதிச்சோம்னாவது தெரிஞ்சிக்க வேணாமா?"

திட்டலாம் என்றுதான் நிமிர்ந்தாள். ஆனால் அவன் கண்கள்... பல நாள் சரியாகத் தூங்காதவனின் கண்கள். இமையில் ஒரு மழைத்துளி நின்றிருந்தது. அதைத் துடைக்கக்கூட நினைவில்லாமல் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் அறுபது பேரை இந்த ஒரு தாளைப் படிக்க வைப்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இங்கே ஒருவன், மிதித்த தாளை விடாமல் படிக்கிறான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. 2008-ஆம் வருடம், அக்டோபர் மாதம்.

ஜுவைரியா பழவேற்காட்டுக்காரி. வாப்பா அப்துல் ரவூப்புக்கு இறால் வியாபாரம். ஆண்கள் எல்லோரும் கடைக்கும் படகுத்துறைக்கும் போகிற வீட்டில், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்குப் போகிற முதல் பெண் அவள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். இரண்டு வருடமாக நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மே மாதம் விக்டோரியாவுக்குக் கை போகும் வரை.

விக்டோரியா அவளுடைய மாணவி. வள்ளூரிலிருந்து வருகிற பெண். மெக்கானிக்கல் வகுப்பில் இருந்த மூன்றே மூன்று பெண்களில் ஒருத்தி. கோடை விடுமுறையில் தொழிற்சாலைப் பயிற்சிக்கு என்று சிப்காட்டில் ஒரு பிரஸ் கம்பெனிக்கு அனுப்பினார்கள். தகடு வெட்டுகிற பவர் பிரஸ். பத்தொன்பதாம் தேதி மதியம் அந்த மெஷின் அவள் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

மருத்துவமனையிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போய் முதல்வர் முன்னால் நின்றாள் ஜுவைரியா. அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். பாடத்திட்டம். எட்டுப் பக்கம், ஆங்கிலத்தில். ஏழாம் பக்கத்தில், பயிற்சிக்குப் போகிற மாணவர்கள் வேடிக்கை மட்டுமே பார்க்க வேண்டும், எந்த மெஷினையும் தொடக் கூடாது, கார்டு இல்லாத மெஷின் பக்கத்தில் போகவே கூடாது என்று அச்சடித்திருந்தது. எட்டாம் பக்கத்தில், 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே விக்டோரியாவின் கையெழுத்து. காலேஜ் மேல தப்பு இல்லம்மா, அந்தப் பொண்ணு படிக்கல, அவ்வளவுதான் என்றார் முதல்வர்.

அந்தக் கையெழுத்தை வாங்கியவள் ஜுவைரியாதான். வருடத்தின் முதல் நாள், அறுபது பேரிடம், நான்கு நிமிடத்தில். சீக்கிரம் போட்டுக் குடுங்க, பெல் அடிக்கப் போகுது என்று அவசரப்படுத்தியவளும் அவள்தான். ஏழாம் பக்கத்தை அவளே அதுவரை படித்ததில்லை.

ஜூலையில் புது வகுப்பு வந்தபோது அவளால் அதே எட்டுப் பக்கத்தை அதேபோல் கொடுக்க முடியவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய தாளில் எடுத்தாள். நடுவில் பாடத்திட்டம், நான்கு பக்கமும் அகலமான வெற்று ஓரம். ஆறு பேருக்கு ஒரு செட். ஒவ்வொருவரும் புரியாத இடத்தில் ஒரு கேள்வியாவது ஓரத்தில் எழுத வேண்டும். இன்னொருவர் கேள்விக்கு ஒரு பதிலாவது எழுத வேண்டும். தமிழில் எழுதலாம். தப்பாக எழுதலாம். மார்க் கிடையாது, திட்டு கிடையாது. ஒரு செட் சுற்றி முடிந்ததும் அடுத்த ஆறு பேருக்கு மாறும். அவர்கள் முன்பு எழுதியதையும் சேர்த்துப் படித்து மேலே எழுத வேண்டும்.

முதல் மாதம் பூராவும் கிண்டல்தான். எழுபத்தைந்து சதவீதம் வருகை கட்டாயம் என்ற இடத்தில் அரசப்பன் என்ற மாணவன், 'மிச்சம் இருபத்தஞ்சுல தூங்கலாமா?' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: 'இப்பவே தூங்கினுதான இருக்க.' இருந்தாலும் கிண்டலுக்காகவாவது எல்லோரும் ஓரத்தைப் படித்தார்கள். ஓரத்தைப் படிக்கிறவன் நடுவிலும் ஒரு கண் வைக்காமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நிஜமான கேள்விகள் வந்தன. வேடிக்கை மட்டும்தான் என்றால், போன வருடம் என் அண்ணனை வேலை வாங்கினார்களே, அது எப்படி என்று ஒருவன் கேட்டிருந்தான்.

அன்றைக்கு டிரெயினில் அவன் மிதித்தது ஏழாம் பக்கம். அதில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: 'கார்டுனா வாட்ச்மேனா? மிஷினுக்கு இன்னாத்துக்கு வாட்ச்மேன்?' கீழே, 'தெரியல'. அதற்கும் கீழே, 'எனக்கும்'.

அதைப் படித்து அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"இது எந்தக் காலேஜ் மேடம்?"

சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கவரைப்பேட்டை வந்து, ஆட்கள் இறங்கி, வண்டி மறுபடியும் கிளம்பிய பிறகுதான் அவள் பக்கம் திரும்பினான். இதுக்கு நீங்க ஏன் பதில் எழுதல என்று கேட்டான். எழுதிவிடலாம்தான், புத்தகத்தில் இருக்கிற பதில் இந்தப் பிள்ளைகளுக்கு உதவாது, நான் பிரஸ் ஷாப்பில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை என்றாள். முன்பின் தெரியாதவனிடம் இவ்வளவு உண்மையாக ஏன் பேசுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"நான் பிரஸ் ஷாப்புல ஃபிட்டர். எழுதட்டுமா?"

சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்தான். ஆடுகிற வண்டியில், தாளைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு மெஷினை வரைந்தான். அழகான கோடுகள். கை நுழையாதபடி மறைக்கிற கம்பி வலைக்கு அம்புக்குறி போட்டு, 'இதான் கார்டு' என்று எழுதினான். பக்கத்தில் இரண்டு வட்டங்கள். 'ரெண்டு கையும் ரெண்டு பட்டன்ல இருந்தாத்தான் பிரஸ் மேலேர்ந்து எறங்கும். கை ரெண்டும் வெளிய இருக்கணும்னுதான் அப்படி. ஒரு பட்டனக் கட்டி வச்சிருந்தா அந்த மெஷின்கிட்ட போகாத. யார் சொன்னாலும் போகாத.'

கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது. பெயர் அஹ்சன் என்றான். மீஞ்சூரில் வீடு. அவள் நன்றி சொல்வதற்குள் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டான்.

வகுப்பில் அந்தப் பச்சை மை பெரிய விஷயமாகிவிட்டது. யார் மேடம் இது, நிஜமா கம்பெனில வேலை பாக்குறவரா என்று சுற்றிக்கொண்டார்கள். ஒரே நாளில் ஏழாம் பக்கத்தில் பதினொரு புதுக் கேள்விகள். மறுநாள் மழை இல்லை. பெண்கள் பெட்டி காலியாகவே வந்து நின்றது. ஜுவைரியா அதைத் தாண்டி நடந்து, நேற்று ஏறிய பெட்டியிலேயே ஏறினாள். பிள்ளைகளின் கேள்விக்காகத்தான்... என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

அவன் அவளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தான். எழுந்து நின்றுகொண்டு தாளை வாங்கிக்கொண்டான்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. தினமும் பதினெட்டு நிமிடம். அவன் பச்சையில் எழுதுவான், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐ.டி.ஐ. படித்தவன். அப்பா இல்லை, அம்மா மட்டும். அதிகம் பேசமாட்டான், ஆனால் எழுத ஆரம்பித்தால் குறும்பு வந்துவிடும். விரிவுரையாளரைச் சந்திக்கும் நேரம் மாலை மூன்று முதல் நான்கு என்று அச்சடித்திருந்த இடத்தில், ஒரு மாணவி, 'அந்த நேரத்துல மேடம் நிஜமாவே இருப்பாங்களா?' என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே பச்சை மையில், 'காலைல ஏழு அம்பது டிரெயின்ல கண்டிப்பா இருப்பாங்க.' அவள் அதைக் கவனித்து ஒயிட்னர் தடவுவதற்குள் வகுப்பே படித்துவிட்டிருந்தது. அன்று முழுவதும் அரசப்பன் முகத்தில் ஒரு சிரிப்பு.

மறுநாள் டிரெயினில் அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டாள். "பசங்க படிக்கிற தாள்ல இதெல்லாம் எழுதலாமா?"

"படிச்சாங்கல்ல மேடம்... அதான உங்களுக்கு வேணும்?"

சிரிக்கக் கூடாது என்று ஜன்னலுக்குத் திரும்பினாள். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவனும் கண்ணாடியில்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள். காது சுட்டது.

சில நாட்கள் அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வருவான். உடம்பு சரியில்லையா என்று கேட்டால், தூக்கம் இல்ல என்பான். அமெரிக்காவில் எதுவோ நொடித்து, இங்கே கம்பெனிகளில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். அதுதான் கவலை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். டிசம்பர் முதல் வாரம், இறங்குவதற்கு முன்னால், குரலைத் தாழ்த்தி, வர்ற ஞாயித்துக்கிழமை உங்க ஊட்ல எல்லாரும் இருப்பாங்களா என்று கேட்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது. இருப்பாங்க என்றாள். அன்று கல்லூரிக்கு நடந்து போன வழி அவளுக்கு நினைவில்லை.

அதே வாரம் விக்டோரியா வகுப்புக்குத் திரும்பினாள்.

முதல்வருக்கு அதில் விருப்பமில்லை. ஒர்க்‌ஷாப் செய்ய முடியாத பெண் மெக்கானிக்கலில் எதற்கு, டி.சி. வாங்கிக்கொண்டு போகட்டும் என்று அவள் அம்மா கிரேஸிடம் சொல்லியிருந்தார். விபத்து பற்றிய அரசு விசாரணை திருவள்ளூரில் நடந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமல் அந்தப் பெண்ணே மெஷினைத் தொட்டாள், அவளுடைய கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அதில் தீர்ப்பு வரும் வரை உட்காரட்டும் என்று ஒரு வழியாக விட்டார்கள். புது வகுப்போடு, கடைசி பெஞ்சில். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாள்கள் சுற்றி அவளிடமும் வந்தன. ஏழாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பச்சை மையில் வரைந்திருந்த மெஷினை வெகு நேரம் பார்த்தாள். பிறகு இடது கையால் எழுதினாள். பீரியட் முழுவதும் எழுதினாள். எழுத்துகள் குழந்தை எழுதியதுபோல் கோணலாக, பெரிது பெரிதாக விழுந்தன.

'ஒரு பட்டன வயர் போட்டுக் கட்டித்தான் எனக்குக் குடுத்தாங்க. ஒரு மணி நேரம்தாம்மா, கரண்ட் போறதுக்குள்ள டார்கெட் முடியணும்னு இன்சார்ஜ் சொன்னார். இது ஏன் கட்டுறீங்கன்னு நான் கேட்டேன். கட்டுனவரு திரும்பிப் பாக்கல.'

மறுநாள் காலை அந்தத் தாள் அஹ்சன் கைக்குப் போனது. எப்போதும்போல் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே படிக்க ஆரம்பித்தான். மூடி கையிலிருந்து நழுவி உருண்டு போனது. அவன் குனியவில்லை. என்ன ஆச்சு என்று அவள் இரண்டு முறை கேட்டாள். இத நாளைக்குத் தரேன் மேடம் என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான். நான்காக மடித்த தாளை அவள் கையில் கொடுத்தான். கவரைப்பேட்டையில் வண்டி நின்றதும், போக வேண்டிய ஊர் வருவதற்கு முன்பே, இறங்கிப் போய்விட்டான். அவள் பிரித்துப் பார்த்தாள். விக்டோரியா எழுதியதற்குக் கீழே பச்சை மை.

'திரும்பிப் பாக்காதவன் நான்தான். இன்சார்ஜ் சொன்னார், நான் கட்டினேன். யார் சொல்லியிருந்தாலும் கட்டினது என் கை. அ. அஹ்சன், மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மே 19, 2008.'

வண்டி கும்மிடிப்பூண்டியில் நின்று, எல்லோரும் இறங்கி, பெட்டி காலியான பிறகும் ஜுவைரியா எழுந்திருக்கவில்லை. முதல் நாளே கல்லூரியின் பெயரைக் கேட்டானே... அப்போதே தெரியும். இரண்டு மாதமாகத் தெரியும். எத்தனை காலை எதிரே நின்று, இந்தப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் கொடுத்து, அவளைச் சிரிக்க வைத்து... அவன்மேல் வந்த வெறுப்பைவிட, அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு புதுச் சுடிதாரை எடுத்து வைத்திருந்த தன்மேல் வந்த வெறுப்பு பெரியதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் பெண்கள் பெட்டிக்கு மாறினாள்.

அந்தத் தாளை அவள் கல்லூரிக்குக் கொண்டு போகவில்லை. பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். விசாரணைக்கு அது எப்பேர்ப்பட்ட சாட்சி என்று அவளுக்குத் தெரியும். கவனக்குறைவு என்ற சொல்லை அழிக்கக்கூடிய ஒரே தாள். நாளைக்குக் கொடுத்துவிடலாம்... நாளைக்கு... என்று ஒரு மாதத்துக்குமேல் போய்விட்டது. கொடுத்தால் அவன் வேலை போகும், அவன்மேல் வழக்கும் வரும். அவனை வெறுக்கிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டவள், அவனைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பெண்ணின் கையை இரண்டாம் முறை வெட்டிக்கொண்டிருந்தாள்.

கேட்டது விக்டோரியாதான். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மேசையருகே வந்து நின்றாள்.

"மிஸ், எல்லாப் பக்கமும் சுத்தி வந்துச்சு. அந்த ஏழாம் பக்கம் மட்டும் திரும்பி வரல."

பொய் சொல்ல வாய் வரவில்லை. விடுமுறை முடிந்த அன்று ஜுவைரியா அதை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தாள். இத்தனை வாரமாகத் தன்னிடம்தான் இருந்தது என்றும், ஒளித்துத்தான் வைத்திருந்தேன் என்றும் சொன்னாள். ஏன் என்று விக்டோரியா கேட்கவில்லை. பச்சை மையை மூன்று நான்கு முறை படித்தாள்.

"கார்டு படம் போட்டவரா மிஸ்?"

"ஆமா."

"நல்லாத்தான் போட்டிருந்தாரு," என்றாள். தாளை மேசைமேல் வைத்தாள். "காகிதத்துல எழுதினத அவங்க இல்லன்னுடுவாங்க. அவரு நேர்ல வந்து சொல்வாரா? கேட்டுச் சொல்லுங்க."

அடுத்த நாள் காலை ஜுவைரியா மறுபடியும் அந்தப் பெட்டியில் ஏறினாள். அவன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டான். உங்களைப் பார்க்க வரவில்லை, விக்டோரியா ஒன்று கேட்டாள், அதைச் சொல்ல வந்தேன் என்று ஆரம்பித்து, கேட்டதைச் சொன்னாள்.

"தேதி சொல்லுங்க," என்றான். யோசிக்கவே இல்லை.

அந்த வேகம்தான் அவளை உடைத்தது. இத்தனை சுலபமாக வருபவன் இத்தனை மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மெதுவாகத்தான் பதில் சொன்னான்.

"பயம் மேடம். வேல போயிடும்னு பயம். அன்னிக்கு அந்தத் தாள்ல, கார்டுனா வாட்ச்மேனான்னு கேட்டுருந்ததப் பாத்ததும்... இந்தப் பசங்களுக்காவது சரியான பதில் போவட்டும்னு எழுதினேன். எழுத எழுதக் கொஞ்சம் மூச்சு வந்துது. மொத நாளே நான் யாருன்னு சொல்லியிருந்தா அந்தத் தாள என் கையில விட்டுருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல. அது உங்கள ஏமாத்துனதுதான். இல்லன்னு சொல்லல."

வண்டி போய்க்கொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் அவன், இன்னொரு ஓரத்தில் அவள்.

பிப்ரவரியில் திருவள்ளூரில் விசாரணை நடந்தது. சின்ன அறை. விசாரணை அதிகாரி, கம்பெனி வக்கீல், இன்சார்ஜ், முதல்வர், கிரேஸ், விக்டோரியா. அஹ்சன் எழுந்து நின்று, யார் சொன்னது, எந்த வயர், எத்தனை மணிக்கு என்று ஒன்று விடாமல் சொன்னான். அந்தப் பெண் கேள்வி கேட்டதையும், பதில் சொல்லாமல் நான் போனதையும் எழுதிக்கோங்க சார் என்றான். இந்த மாதிரி மெஷின்கள் ஷாப்பில் இன்னும் எத்தனை என்று அதிகாரி கேட்டபோது அதையும் சொன்னான். வக்கீல் அவனை வேலை வெறுப்பில் பொய் சொல்கிறவன் என்று நிரூபிக்கப் பார்த்தார். நேத்துவரைக்கும் சம்பளம் வாங்கினேன் சார், எனக்கு இன்னா வெறுப்பு என்றான்.

அடுத்து ஜுவைரியா எழுந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. கல்லூரி காட்டுகிற அந்தக் கையெழுத்தை நான்கு நிமிடத்தில் வாங்கியது நான், ஒரு வரிகூட விளக்கவில்லை, நானே படித்திருக்கவில்லை என்றாள். முதல்வர் தலையைத் திருப்பிக்கொண்டார். இந்த வருடம் அறுபது பேரும் படித்த தாள்களைக் கட்டாக எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். படித்தேன் என்று ஒருவர் சொல்வதற்கு இவ்வளவு நாள் ஆகும் சார் என்றாள்.

அஹ்சனுக்கு மறுநாளே வேலை போனது. இன்சார்ஜோடு சேர்த்து அவன்மேலும் வழக்குப் பதிவானது. ஜுவைரியாவை, இந்தக் கல்வியாண்டோடு நின்றுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு விஷயம் தானாகப் போய்ச் சேர்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டாள். வேலை போனதை மட்டுமல்ல... எல்லாவற்றையும். வாப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கேஸ்ல இருக்குறவனா என்று. ஆமாம் என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. உம்மா பீவி ஜான் தட்டில் சோறு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

மார்ச் கடைசியில் உத்தரவு வந்தது. கவனக்குறைவு என்ற சொல் நீக்கப்பட்டது. விக்டோரியா படிப்பைத் தொடரலாம், செய்முறைக்கு அவளுக்கு ஏற்ற மாதிரி மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கல்லூரிக்கும் எழுதியிருந்தார்கள். நகல் வாங்க விக்டோரியா, அஹ்சன், ஜுவைரியா மூன்று பேரும் திருவள்ளூருக்குப் போயிருந்தார்கள். விக்டோரியா அதை நின்ற இடத்திலேயே முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அவர்கள் காத்திருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அஹ்சன் அவள் முன்னால் போய் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். விக்டோரியா இடது கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மன்னிப்பு கேக்கப் போறீங்கன்னா இப்ப வேணாம் சார். அது என்கிட்ட இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. ஆனா வந்து சொன்னீங்க. அத நான் யார்கிட்டயும் இல்லன்னு சொல்லமாட்டேன்."

பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜுவைரியாவைப் பார்த்து மட்டும் தலையசைத்தாள். பஸ் போய்விட்டது.

உச்சி வெயில். நிழல் இருந்த தூணருகே இருவரும் நின்றார்கள். காட்டுப்பள்ளி பக்கம் கப்பல் கட்டுகிற கம்பெனி வரப்போவதாகச் சொல்கிறார்கள், கேஸ் இருக்கிறவனை எடுப்பார்களா தெரியவில்லை, அதுவரை மீஞ்சூரில் ஒரு வெல்டிங் கடையில் நிற்கிறேன் என்றான். உள்ளே போக வேண்டி வந்தாலும் வரலாம் என்றான். அதை வேறு யாருக்கோ நடக்கப் போவதுபோல் சொன்னான். பிறகு, நீங்க பொன்னேரி பஸ்ஸப் பாத்து ஏறிடுங்க மேடம், நான் அடுத்ததுல வரேன் என்று நகரப் பார்த்தான்.

"நில்லுங்க," என்றாள் ஜுவைரியா.

நின்றான்.

"கோவம் போயிடுச்சான்னு கேக்காதீங்க. போகல. விக்டோரியாவப் பாக்கும்போதெல்லாம் நீங்க ஞாபகத்துக்கு வரீங்க. உங்கள நெனைக்கும்போதெல்லாம் அவ கை ஞாபகத்துக்கு வருது. இது ரெண்டும் பிரியப்போறதில்ல... எத்தன வருசம் ஆனாலும். அது தெரிஞ்சுதான் சொல்றேன்." அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "எனக்கு நீங்கதான் வேணும், அஹ்சன். வாப்பாகிட்ட சொல்லிட்டேன். அவரு பேசறதில்ல. இருந்தாலும் சொல்லிட்டேன்."

முதன்முறையாக அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டான். விசாரணையில் அத்தனை பேர் முன்னால் தடுமாறாமல் நின்றவனுக்கு இப்போது அந்தத் தூண் தேவைப்பட்டது.

"நான் இத கேக்கவே கூடாதுன்னு இருந்தேன்," என்றான். "எனக்குத் தகுதி இல்லன்னு. இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா..."

"ஆனா?"

"ஆசையா இருக்கு ஜுவைரியா. உங்ககூட இருக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. இத்தன நாளா அத வெளிய சொல்லக்கூட பயந்துகினு இருந்தேன்."

கண்கள் நிறைந்து வழிந்தன. அவன் துடைக்கவில்லை. அவளும் துடைக்கச் சொல்லவில்லை.

"சரி," என்றாள் மெல்ல. "இப்ப சொல்லிட்டீங்க."